பைபாஸ் அறுவைக்குப் பிறகு வீட்டில் இருப்பவருக்கு நோய்த்தொற்று தொடங்குகிறதா என்று எப்படி அறிவது?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர். இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு இருந்ததால் நெஞ்செலும்பைத் திறந்து பைபாஸ் அறுவை செய்தார்கள். அதற்காக இடது காலிலிருந்தும் குழாய் எடுத்திருக்கிறார்கள். இப்போது மூன்றாவது வாரம் நடக்கிறது. வீட்டுக்கு வந்த புதிதில் நன்றாகவே தேறி வந்தார். தெருமுனை வரை நடந்தார், வலியும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

முன்பு நன்றாக உலர்ந்திருந்த நெஞ்சுக் காயத்தின் கீழ்முனை இப்போது ஈரமாக இருக்கிறது. பனியனில் வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கறை படிகிறது. காய்ச்சல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை; மாலையில் பார்த்தால் வெப்பமானி 99.6 டிகிரி பாரன்ஹீட் காட்டுகிறது. ஆனால் வெறும் வயிற்றில் 130-ஐ ஒட்டி நின்றிருந்த சர்க்கரை, உணவும் மருந்தும் மாறாதபோதே 200-ஐத் தாண்டுகிறது. குழாய் எடுத்த காலில் கணுக்காலைச் சுற்றி வீக்கமும் இருக்கிறது.

மறுபரிசோதனைக்கு அடுத்த வாரக் கடைசியில்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர், ஐந்து நாட்களுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். பெரியம்மா, மஞ்சளைக் குழைத்துப் பூசினால் புண் காய்ந்துவிடும் என்கிறார். அப்பாவோ, இவ்வளவு பெரிய அறுவைக்குப் பிறகு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். காயம் ஆறும்போது இயல்பாக நடப்பவை எவை, தொற்று என்று ஐயப்பட வேண்டியவை எவை என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: இதய அறுவைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்

அம்மா, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மறுபரிசோதனை நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணில் அறுவைப் பிரிவை இன்றே அழைத்து, உலர்ந்திருந்த காயம் மீண்டும் கசிகிறது என்பதையும், சர்க்கரை காரணமின்றி ஏறியிருக்கிறது என்பதையும் இதே சொற்களில் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வருவதன் பொருள் தெரியும்.

இனி விளக்கமாகச் சொல்கிறேன். இவ்வளவு பெரிய காயம் ஆறும்போது பயமுறுத்தும்படி தோன்றினாலும் கெடுதல் இல்லாத மாற்றங்கள் பல உண்டு. வெட்டுக்கோட்டின் மேல்முனையில் சிறு புடைப்பு இருக்கும். சில மாதங்களில் அது தானே வடிந்துவிடும். கோட்டின் ஓரங்கள் அரிக்கும். நெஞ்சுச் சுவரின் உள்பக்கத் தமனியை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் இடது மார்பில் மரத்துப்போன உணர்வோ சுருக்கென்ற வலியோ வந்து போகும். குழாய் எடுத்த கால், அந்த ரத்தம் வேறு பாதை கண்டுபிடிக்கும் வரையில், மாலையில் வீங்கி, இரவில் உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வடியும். அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும் இலேசான காய்ச்சல்கூடப் பெரும்பாலும் உடல் அந்த அதிர்ச்சிக்குக் காட்டும் எதிர்வினைதான்; கிருமியால் வருவதன்று.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பு, வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வருவது. வலியும் கசிவும் சோர்வும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. இறங்கிக்கொண்டிருந்தது நின்று மீண்டும் ஏறத் தொடங்கினால், அந்தத் திருப்பத்தைத்தான் நாங்கள் பிரிவில் முதலில் கவனிப்போம். உங்கள் தந்தையின் காயம் உலர்ந்து பிறகு ஈரமாகியிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே சொட்டிக்கொண்டிருந்து குறைந்து வரும் கசிவைவிட, இந்த வகைக் கசிவை நான் மிகவும் கவனமாகப் பார்ப்பேன். மேல்தோலில் தெரிவது சிறு ஈரமாக இருக்கும். கீழே எலும்பை இணைக்கும் கம்பிகள் தளர்ந்திருக்கலாம், அல்லது எலும்புக்குப் பின்னால் சீழ் சேரத் தொடங்கியிருக்கலாம்.

நெஞ்செலும்பை நடுவே பிளந்து அறுவை முடிந்த பிறகு எஃகுக் கம்பிகளால் கட்டிவிடுகிறோம். அந்த எலும்பு முறையாகக் கூடுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மேல்தோலோடு நிற்கும் தொற்று பெரும்பாலும் மருந்துக்கும் கட்டுக்கும் அடங்கிவிடும். எலும்புக்குள்ளும் அதன் பின்புறமும் இறங்கும் தொற்று நூற்றில் ஓரிருவருக்கே வருகிறது என்றாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், நெஞ்சின் இரண்டு பக்கத் தமனிகளையும் எடுக்க நேர்ந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். தமனியை எடுக்கும்போது எலும்புக்குச் செல்லும் ரத்தமும் குறைகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்தத் தொற்றில் பெரும்பகுதி நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போது தெரிவதில்லை, வீட்டுக்குப் போன பிறகே வெளிப்படுகிறது என்பதால்தான் வீட்டில் இருப்பவர்களின் கண்ணை நாங்கள் இவ்வளவு நம்புகிறோம். ஆழமான தொற்றை அறுவைக்குப் பின் 90 நாட்கள் வரை கண்காணிப்பது பல இடங்களில் உள்ள வழக்கம்.

ஒன்றை மட்டும் உங்கள் தந்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். இருமும்போதோ படுக்கையில் புரளும்போதோ நெஞ்சுக்குள் ஏதோ நகர்வதுபோலவோ, சடக்கென்று ஒலிப்பதுபோலவோ உணர்கிறாரா? நீங்கள் கையால் அழுத்திச் சோதிக்க வேண்டாம். அவர் சொல்வதே போதும்.

நம்முடைய தோல் நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காயத்தைச் சுற்றிச் சிவந்தால் தொற்று என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. மாநிறமும் கறுப்புமான தோலில் அந்தச் சிவப்பு தெரியாமல் போகும். சுற்றிலும் கருநீலமாகவோ, வழக்கத்தைவிடக் கருத்தோ, இழுத்துப் பிடித்ததுபோல் பளபளப்பாகவோ தெரியும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் புறங்கையைக் காயத்தின் பக்கத்துத் தோலிலும் தள்ளியிருக்கும் தோலிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாகவும் தடித்தும் தொட்டால் வலிப்பதாகவும் இருந்தால், சிவப்பு தெரியாவிட்டாலும் அதைத் தொற்றின் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

காய்ச்சல் இல்லை என்பதில் ஆறுதல் கொள்ளாதீர்கள். 100.4 டிகிரியை எட்டினால் உடனே சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுப்பது உண்மைதான். ஆனால் வயதானவர்களிடமும் நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளிடமும் பெரிய தொற்றுகூடக் காய்ச்சலே இல்லாமல் வரும். வலிக்காக அவர் நேரம் தவறாமல் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் வெப்பத்தை இறக்கிக் காட்டும். மாத்திரை கொடுப்பதற்கு முன்பு வெப்பத்தை அளந்து எழுதுங்கள். சர்க்கரை காரணமின்றி ஏறுவது, சாப்பாடு வேண்டாம் என்பது, நேற்று நடந்தவர் இன்று எழ மனமில்லாமல் படுத்திருப்பது, முதியவர்களுக்குப் பேச்சில் தடுமாற்றம் வருவது ஆகியவை காய்ச்சலுக்கு முன்பே தோன்றக்கூடும்.

பதில்: தாயாரைப் பராமரித்த மகன், தஞ்சாவூர்

என் அம்மாவுக்கு இதே அறுவைக்குப் பிறகு கால் காயத்தில் தொற்று ஏற்பட்டுக் குணமானது. வீட்டில் இருப்பவர்களுக்கு உதவக்கூடிய சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லோருடைய கவனமும் நெஞ்சின் மீதே இருப்பதால் காலை யாரும் பார்ப்பதில்லை. கால் காயம் நீளமானது. புடவை, வேட்டி உரசும் இடத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. காலை எழும்போது வடியாத வீக்கம், காயத்தின் ஓரம் பிரிந்து உள்ளிருந்து சீழ் வருவது, துர்நாற்றம், தொடையை நோக்கிப் பரவும் சூடு ஆகியவற்றை அம்மாவிடம் கண்டோம். கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாகவும் இருக்கலாம், அதையும் அன்றே காட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

தினமும் ஒரே நேரத்தில், சன்னல் அருகே நல்ல வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து காயத்தைப் படமெடுத்து வையுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. நாள்தோறும் பார்ப்பவருக்கு மெல்லப் பரவும் மாற்றம் புலப்படாது. நான்கு நாட்களுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் புலப்படும். மருத்துவருக்கும் அது பெரிய உதவி. சர்க்கரை அளவு, வெப்பநிலை, எடை, கசிவின் நிறம் எல்லாவற்றையும் ஒரே குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள்.

மஞ்சளைப் பற்றி உங்கள் பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் வீட்டில் அரைத்த மஞ்சளும், தேங்காய் எண்ணெயும், விபூதியும், முகப்பவுடரும் கிருமி நீக்கம் செய்யப்பட்டவை அல்ல; திறந்த காயத்தின் வழியே அவை எலும்பு வரை போகக்கூடும். அது மட்டுமன்றி, மஞ்சள் பூசிய தோலில் கசிவின் நிறத்தையும் தோலின் நிறத்தையும் மருத்துவரால் பார்க்க முடியாது. மருத்துவர் அனுமதித்த பிறகு மென்மையான சோப்பும் ஓடும் நீரும் கொண்டு தேய்க்காமல் கழுவி, சுத்தமான தனித் துண்டால் ஒற்றி உலர்த்தினால் போதும். குளம், ஆறு, கடல் குளியலைக் காயம் முழுதும் ஆறும்வரை தவிர்க்கச் சொல்வார்கள்.

பெண்களைப் பராமரிப்பவர்களுக்காக ஒன்று. பெரிய மார்பகங்கள் இரு பக்கமும் இழுப்பதால் காயத்தின் கீழ்ப்பகுதி பிரியும் வாய்ப்பு அதிகம். மார்பகத்தின் அடியில் வியர்வையும் தங்கும். முன்பக்கம் திறக்கும், கம்பியில்லாத, பருத்தி உள்ளாடையை இரவிலும் அணியச் சொன்னார்கள். என் அம்மா கூச்சத்தால் காயத்தை எனக்குக் காட்டவே மறுத்தார்; என் சகோதரி வந்து பார்த்த பிறகுதான் நிலைமை தெரிந்தது. யார் தினமும் பார்ப்பது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே குடும்பத்தில் முடிவு செய்துவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன். இடது பக்கம் திரும்பும்போது நெஞ்சு நடுவில் ஏதோ உரசுவதுபோல இருக்கிறது என்றும், இருமினால் சடக்கென்று ஒரு சத்தம் வருகிறது என்றும் சொல்கிறார். எங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இருக்கிறது. நாளை காலை புறப்பட்டால் போதுமா?

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர்

வேண்டாம் அம்மா, இன்றே புறப்படுங்கள். எலும்பு அசைகிறது, காயம் கசிகிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் இதை அவசரமாகவே கருத வேண்டும். தொற்று இல்லாமல் கம்பி மட்டும் தளர்ந்திருக்கவும் கூடும்; அப்படியிருந்தாலும் திறந்த வழியில் கிருமி நுழைய அதிக நேரம் ஆகாது. குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம், மனக்குழப்பம், காயத்திலிருந்து ரத்தம் பீறிடுவது ஆகியவற்றில் எது வந்தாலும் சொந்த வண்டியில் போகாமல் 108-ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்; அங்கிருந்து அறுவைப் பிரிவோடு பேசிக்கொள்ளலாம்.

கசியும் இடத்தின்மீது கிருமி நீக்கிய காஸ் துணியை வைத்து ஒட்டுங்கள். பஞ்சை நேரடியாக வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். அழுத்திப் பிழிந்து பார்க்காதீர்கள். பயணத்தில் அவர் ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கட்டும். இருமல் வந்தால் அதை அழுத்திக்கொண்டு இருமட்டும். எழும்போது கைகளை ஊன்ற விடாமல் நீங்கள் முதுகைத் தாங்குங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டு, சர்க்கரைக் குறிப்பு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருக்கலாம் என்பதால் வழியில் உணவு கொடுப்பது பற்றியும், இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை பற்றியும் அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பதில்: பொது மருத்துவர், மதுரை

செவிலியர் அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மருந்துக் கடை ஆன்டிபயாடிக் பற்றி மட்டும் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பகுதியில் நான் மிக அதிகமாகக் காணும் தவறு அதுதான்.

இந்தக் காயங்களில் அடிக்கடி குடியேறும் கிருமிகள் ஸ்டஃபிலோகாக்கஸ் வகையைச் சேர்ந்தவை. சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காத வகைகளும் அவற்றில் உண்டு. நெஞ்செலும்பின் தொற்றைக் குணப்படுத்த எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரிந்தாக வேண்டும். அதற்குக் காயத்தின் ஆழத்திலிருந்தும் ரத்தத்திலிருந்தும் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே ஐந்து நாள் மாத்திரை உள்ளே போயிருந்தால், கிருமி சாகாமல் ஒளிந்துகொள்ளும், சோதனையில் மட்டும் ஒன்றும் வளராது. கசிவு சற்றுக் குறைந்து குடும்பம் நிம்மதியடையும் அந்த நாட்களில் எலும்பு உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆன்டிபயாடிக் எழுதித் தரவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். அறுவையை ஒட்டித் தடுப்புக்காகக் கொடுக்கும் ஊசியை 48 மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதால் பயன் இல்லை. எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகள் பெருகும் ஆபத்துதான் கூடும்.

அறுவைக்குப் பிறகு வரும் காய்ச்சல் எல்லாம் காயத்திலிருந்து வருவதும் இல்லை. சளியோடும் மூச்சிரைப்போடும் வந்தால் நுரையீரலையும், எரிச்சலோடு வந்தால் சிறுநீரையும், கையில் ஊசி போட்ட இடம் கயிறுபோல் தடித்து வலித்தால் அந்தச் சிரையையும் பார்க்க வேண்டும். சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலோடு நெஞ்சு வலி வந்து, மூச்சை இழுக்கும்போதும் படுக்கும்போதும் அதிகமாகி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைந்தால், அது இதய உறையின் அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. இவற்றை வீட்டிலேயே பிரித்தறிய முயல வேண்டாம். எதுவாக இருந்தாலும் அறுவை செய்த குழுவினருக்குத் தெரிய வேண்டும் என்பதே முக்கியம்.

இதே இழையைச் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்கு வெளிக்காயம் அழகாக ஆறியிருக்கும்போதே வால்வின்மீது கிருமி படியக்கூடும். அறுவைக்குப் பிந்தைய முதல் ஓராண்டில் ஆபத்து அதிகம். ஆனால் அது ஒருபோதும் முழுதாக நீங்குவதில்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவது, புதிதாக மூச்சு வாங்குவது, நகத்தின் அடியில் சிறு கோடுகளாக ரத்தப் புள்ளிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். கிருமித் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதமாகவே முதன்முதலில் வெளிப்படுவதும் உண்டு. ஆகவே வால்வு பொருத்திய ஒருவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாட்கள் நீடித்தால், எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்கும் முன்பு வெவ்வேறு இடங்களில் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யுங்கள் என்று நீங்களே மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது அவமரியாதை ஆகாது. வால்வு இருக்கிறது என்பதைப் பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; பல் பிடுங்குவது, ஈறில் வேலை செய்வது போன்றவற்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, பென்சிலின் ஒவ்வாமை இல்லாத பெரியவருக்கு 2 கிராம் அமாக்சிசிலின் கொடுப்பது வழக்கம். பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு இது தேவையில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், எந்த ஆன்டிபயாடிக் தொடங்கினாலும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை விரைவில் பார்க்க வேண்டும். பல மருந்துகள் ரத்தத்தை அளவுக்கு மேல் நீர்க்கச் செய்துவிடும்.

கேட்டவர்

நேற்று இரவே வந்து சேர்ந்துவிட்டோம். காயத்தின் கீழ்ப்பகுதியைத் திறந்து மாதிரி எடுத்தார்கள். ஸ்கேனில் எலும்புக்குப் பின்னால் சிறிதளவு நீர் சேர்ந்திருப்பதும், கீழே இரண்டு கம்பிகள் விலகியிருப்பதும் தெரிந்தது. இன்று அறுவை அரங்குக்கு அழைத்துப் போகிறார்கள். சுத்தம் செய்துவிட்டு உறிஞ்சும் கட்டு ஒன்றைப் பொருத்துவார்களாம். சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்று அறுவை மருத்துவர் சொன்னார். இனி வரும் நாட்களில் என்ன எதிர்பார்க்க வேண்டும்?

பதில்: ஓய்வு பெற்ற செவிலியர்

பொறுமையாக இருக்க வேண்டிய நாட்கள் அம்மா. தளர்ந்த கம்பிகளை எடுத்து, உயிரற்ற திசுவை நீக்கிவிட்டு, காயத்தில் பஞ்சுறை வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, குழாய் வழியே இடைவிடாமல் உறிஞ்சும் கருவியைப் பொருத்துவார்கள். கசிவை வெளியேற்றி, நெஞ்சையும் ஓரளவு நிலையாகப் பிடித்துக்கொள்ள அது உதவும். சில நாட்களுக்கு ஒருமுறை அதை மாற்றுவார்கள். உள்ளே சுத்தமான பிறகு மீண்டும் கம்பியிட்டு மூடலாம். எலும்பு அதற்கு இடம் தராவிட்டால் மார்புத் தசையைத் திருப்பி இடைவெளியை நிரப்புவார்கள், பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் வந்து பார்த்தால் பயப்படாதீர்கள். கிருமி எது என்று தெரிந்ததும் மருந்தை மாற்றலாம். ஊசி மருந்து பல வாரங்கள் தொடரும்.

உங்கள் பங்கு இரண்டு. சர்க்கரை 180-க்குக் கீழே நிற்க இன்சுலின் ஊசிதான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் அப்பாவை ஒப்புக்கொள்ள வையுங்கள். ஊசி பழகிவிடும் என்ற பயத்தால் மறுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தது உணவு. காயம் ஆறப் புரதம் வேண்டும். புளிப்பு ஆகாது, முட்டை சீழ் வைக்கும், மீன் கூடாது என்று பார்க்க வருபவர்கள் சொல்லும் பத்தியங்களுக்கெல்லாம் இடம் கொடுக்காமல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று உணவியல் வல்லுநரிடம் கேட்டுக்கொண்டு முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றைத் தினமும் கொடுங்கள். பார்க்க வருபவர்களை இப்போதைக்குத் தொலைபேசியிலேயே பேசச் சொல்லிவிடுங்கள்.